தமிழ் கற்ற நீதியரசரும் 1806ஆம் ஆண்டுச் சட்டமும்

நான் நாள்தோறும் திருக்கோவிலிலிருந்து பஸ் ஏறி இக்கல்லூரிக்கு வருபவள். தம்பிலுவில் தாண்டி அக்கரைப்பற்று வந்து சேரும்வரை பெரும்பாலும் கொப்பிகள்தான் திருத்துவேன். சென்ற ஆண்டு இரண்டாம் தவணையில் ஒருநாள் கொப்பி திருத்த மனம் வரவில்லை. முதல்நாள் மாலை, உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி எல்லாரும் போன பிறகும் வகுப்பறையில் நின்றுகொண்டிருந்தாள். என்ன மகள் என்று கேட்டேன்.

"டீச்சர், நாங்க இருக்கிற வீடு உம்மாட இல்லையாம். மூத்தவாப்பாட பேரிலதான் உறுதி இருக்காம். மாமாமார் பங்கு கேக்கிறாங்க. சட்டப்படி உம்மாக்கு அஞ்சில ஒரு பங்குதானாம். அந்தச் சட்டத்த யாரு டீச்சர் எழுதின?"

அவளுடைய மூத்தவாப்பா மகளுக்கென்று கட்டிக்கொடுத்த வீடு அது. கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளை வந்து குடியேறிய வீடு. நம் கரையில் பொத்துவில் தொடங்கி மருதமுனைக்கு அப்பாலும் தமிழர், முஸ்லிம்கள் இரு சாராருக்கும் இதுதான் வழக்கம். ஆனால் அந்தப் பெரியவர் உறுதி எழுதி முடிக்கவில்லை. மௌத்தானார். மூத்தும்மா அவருக்கு முன்பே மௌத்தானவர். இரண்டு மகன்மார், ஒரு மகள். மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என்று பிரித்தால் மொத்தம் ஐந்து பங்கு. அதில் உம்மாவுக்கு ஒன்று. கணக்கில் பிழையில்லை.

சட்டத்தை யார் எழுதியது என்ற கேள்விக்கு அன்று என்னால் ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. குர்ஆன் சொன்ன பங்கு அது என்பது அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவள் கேட்டது வேறு. அந்தப் பங்கை இலங்கையின் ஒரு நீதிமன்றம் தன் சட்டம் என்று எப்போது எடுத்துக்கொண்டது? யார் எடுத்துக்கொண்டார்? அதைத் தேடப் போய்த்தான் நம் நாட்டு உயர் நீதிமன்றத்தின் முதல் முப்பது ஆண்டுகளையும், அங்கு அமர்ந்த சில விசித்திரமான மனிதர்களையும் அறிந்துகொண்டேன். பாடப்புத்தகத்தில் இவர்களுக்கு அரைப் பக்கம்கூட இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஒல்லாந்தரிடமிருந்து கரையோரத்தை ஆங்கிலேயர் எடுத்தது 1795 - 96இல். திருகோணமலையும் மட்டக்களப்புக் கோட்டையும் 1795இலேயே விழுந்துவிட்டன. கொழும்பு அடுத்த ஆண்டு பெப்ரவரியில் சரணடைந்தது. முதலில் ஆள வந்தது ஆங்கில அரசு அல்ல, சென்னையிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனி. அவர்கள் தென்னிந்தியாவிலிருந்து ஆமில்தார்களைக் கொண்டுவந்து வரி அறவிட்டார்கள். தென்னை மரத்துக்கும் வரி போட்டார்கள். 1797இல் ஊர்கள் கிளர்ந்தன. இதற்கிடையில் நீதிமன்றங்களின் நிலை இன்னும் மோசம். ஒல்லாந்தக் காலத்து நீதிபதிகள் புதிய அரசின் கீழ் அமர மறுத்தார்கள். ஒரு காணிச் சண்டையை எடுத்துக்கொண்டு யாரிடம் போவது என்று தெரியாத சில வருடங்கள் நம் பாட்டன் பூட்டனுக்கு இருந்திருக்கின்றன.

1798இல் தேசாதிபதியாக வந்த பிரெடரிக் நோர்த் இதைச் சரிசெய்யப் பார்த்தார். 1799 செப்டெம்பர் 23ஆம் திகதி அவர் வெளியிட்ட பிரகடனம் ஒன்று உண்டு. ஒல்லாந்தர் ஆண்ட காலத்தில் இங்கு நிலவிய சட்டங்களின்படியே இனியும் நீதி வழங்கப்படும் என்பது அதன் சாரம். ஆங்கிலேயர் இங்கிலாந்தின் சட்டத்தை மூட்டை கட்டி வந்து இறக்கவில்லை என்பதை இந்தப் பிரகடனம் காட்டுகிறது. இன்றும் சட்டத்தரணிகள் 'ரோமன் டச்சுச் சட்டம்' என்று சொல்வதற்கும், யாழ்ப்பாணத்தாருக்குத் தேசவழமை இருப்பதற்கும், முஸ்லிம்களுக்குத் தனிச்சட்டம் இருப்பதற்கும் வாசற்கதவு இங்கேதான் திறந்தது.

ஆனால் சட்டம் இருந்தால் போதுமா? அதைச் சொல்ல ஒரு மன்று வேண்டும். 1801 ஏப்ரல் 18ஆம் திகதி லண்டனில் அரச முத்திரையிட்ட நீதிச் சாசனம் ஒன்றின் மூலம் இலங்கைக்கு உயர் நீதிமன்றம் கிடைத்தது. அடுத்த ஆண்டு தொடக்கம் கரையோரம் கம்பெனியிடமிருந்து நீங்கி முடிக்குரிய குடியேற்ற நாடாயிற்று. கண்டி அப்போது இன்னும் தனி இராச்சியம். அது வீழ்ந்தது 1815இல். ஆகவே உயர் நீதிமன்றம் என்று பெயரிருந்தாலும் அது கரையோரத்தின் மன்றுதான்.

நீதியரசர்கள் எத்தனை பேர் என்று நினைக்கிறீர்கள்? இரண்டே பேர். பிரதம நீதியரசர் ஒருவர், துணை நீதியரசர் ஒருவர். முதற் பிரதம நீதியரசர் சேர் கொட்ரிங்டன் எட்மண்ட் கரிங்டன். கல்கத்தாவில் வழக்கறிஞராக இருந்தவர். அவருக்குத் துணையாக எட்மண்ட் ஹென்றி லஷிங்டன். 1806இல் கரிங்டன் விலகிய பின் லஷிங்டனே பிரதம நீதியரசரானார்.

அந்த மன்றின் அதிகாரத்தைப் பார்த்தால் இன்று நமக்கு வியப்பாக இருக்கும். கொலை, கொள்ளை போன்ற பெரிய குற்ற வழக்குகளை அது எங்கும் விசாரிக்கலாம். ஆனால் காணி, கடன், சீதனம் போன்ற குடியியல் வழக்குகளில், ஐரோப்பியரும் கொழும்பு நகரையும் அதைச் சூழ்ந்த பகுதியையும் சேர்ந்தவர்களுமே அங்கு போகலாம். மற்ற ஊர்ச் சுதேசிகள் போக முடியாது. சம்மாந்துறையில் ஒருவருக்கு வயற்பிணக்கு என்றால் அவர் மட்டக்களப்பிலிருந்த மாகாண நீதிபதியிடம்தான் போகவேண்டும். அந்த நீதிபதி பெரும்பாலும் சட்டம் படித்தவரல்லர், நிருவாக உத்தியோகத்தர். தீர்ப்புப் பிடிக்காமல் மேன்முறையீடு செய்தால் அது போய்ச் சேரும் மேன்முறையீட்டு மன்றில் பிரதம நீதியரசரோடு தேசாதிபதியும் பிரதம செயலாளரும் அமர்ந்திருப்பார்கள். வரி போடுகிறவரே வழக்கையும் கேட்பார். இது சரியா என்று என் வகுப்பில் கேட்டேன். "சரியில்ல டீச்சர்" என்று கடைசி வாங்கிலிருந்துகூடக் குரல் வந்தது. அன்றைக்கு லண்டனிலும் சிலருக்கு அப்படித்தான் தோன்றியது. ஆனால் அதைத் திருத்த முப்பது ஆண்டு சென்றது.

இனி அலெக்சாண்டர் ஜோன்ஸ்டனுக்கு வருகிறேன். இந்தக் கட்டுரை உண்மையில் அவரைப் பற்றியதுதான்.

1775இல் ஸ்கொட்லாந்தில் பிறந்தவர். தகப்பனார் சாமுவேல் ஜோன்ஸ்டன் மதுரையில் கம்பெனிப் பணியில் இருந்தார். ஆகவே பிள்ளை வளர்ந்தது மதுரையில். தமிழ், தெலுங்கு, இந்துஸ்தானி மூன்றையும் சிறு வயதிலேயே கற்றுக்கொண்டார். தஞ்சாவூரில் புகழ்பெற்றிருந்த ஷ்வார்ட்ஸ் பாதிரியாரிடம் பாடம் கேட்டவர். தாயார் ஹெஸ்டர், மடக்கையைக் கண்டுபிடித்த ஜோன் நேப்பியரின் குடும்பத்தில் வந்தவர். இந்தியரின் பழைய கணித அறிவைப் பற்றி மதுரைப் பண்டிதர்களிடம் விசாரித்துத் திரட்டுவதில் ஈடுபட்டிருந்தார். கணிதப் பிரிவு மாணவிகள் மடக்கை வாய்பாட்டைத் திறக்கும்போது இந்த அம்மாளை ஒருதரம் நினைத்துக்கொள்ளலாம்.

இப்படி வளர்ந்த ஒருவர் சட்டம் படித்துவிட்டு இலங்கைக்கு அரச சட்டத்தரணியாக வந்தால் என்ன நடக்கும்? மற்ற வெள்ளைக்கார நீதிபதிகள் மொழிபெயர்ப்பாளரின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இவருக்குத் தமிழ்ச் சாட்சி சொல்வது நேரே காதில் விழுந்திருக்கும். ஊர்ப் பெரியவர்களையும் ஆலிம்களையும் அழைத்து உங்கள் வழக்கம் என்ன என்று கேட்கும் பழக்கம் அவரிடம் இருந்தது. 1811 முதல் 1819 வரை அவர் பிரதம நீதியரசர். ஆனால் நம் கதைக்கு முக்கியமான ஆண்டு அதற்கும் முந்தியது.

1806. தேசாதிபதி சேர் தோமஸ் மெயிட்லண்ட். அந்த ஆண்டு ஓகஸ்ட் 5ஆம் திகதி முஸ்லிம்களுக்கான சட்டக்கோவை வெளியாயிற்று. அதே ஆண்டு டிசம்பரில் யாழ்ப்பாணத்தாரின் தேசவழமையும் ஒழுங்குவிதியாகப் பிரகடனமானது. முஸ்லிம் சட்டக்கோவை வானத்திலிருந்து விழவில்லை; கொழும்பில் இருந்து எழுதினதுமல்ல. அதன் மூலம் ஒல்லாந்தர் தம்முடைய கிழக்கிந்தியத் தலைநகரான பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், அங்குள்ள முஸ்லிம்களுக்காகத் தொகுத்தது. தேசாதிபதி ஃபால்க் காலத்தில் அது இலங்கைக்கு வந்தது. ஆங்கிலேயர் அதை எடுத்து, இங்கிருந்த முஸ்லிம் தலைவர்களிடம் காட்டி, இது உங்கள் வழக்கத்தோடு பொருந்துகிறதா என்று கேட்டு, அவர்கள் ஒப்புக்கொண்ட பின் சட்டமாக்கினார்கள். அந்த முயற்சியின் பின்னால் நின்றவர் ஜோன்ஸ்டன். முதல் 63 பிரிவுகள் வாரிசுரிமை. மீதி, 102 வரைக்கும், கலியாணமும் பிரிவும்.

இங்கே ஒரு விஷயத்தில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். ஜோன்ஸ்டனை வானளாவப் புகழும் எழுத்துகள் உண்டு. அவர் புகழுக்குரியவர்தான். ஆனால் 'உங்கள் வழக்கம் இதுதானா' என்று அவர்கள் கேட்டது யாரிடம்? கொழும்பு மாகாணத்து முஸ்லிம் தலைவர்களிடம். அந்தச் சட்டக்கோவை முதலில் கொழும்பு மாகாணத்துக்கென்றே வந்தது. அக்கரைப்பற்றிலோ கல்முனையிலோ இருந்த போடிமாரிடமும் மரைக்காயர்களிடமும் கேட்கவில்லை. பெண்களிடம் எங்குமே கேட்கவில்லை. 1852ஆம் ஆண்டு 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்து, அதே கோவையை முழு இலங்கை முஸ்லிம்களுக்கும் நீட்டியது. அன்றிலிருந்து பத்தாவியாவில் தொகுத்து, கொழும்பில் ஒப்பம் வாங்கிய பிரிவுகள், தாய்வழிக் குடி முறையோடு வாழ்ந்த நம் கரைக்கும் சட்டமாயின. என் மாணவியின் கேள்விக்குப் பதில் இந்த 1806க்கும் 1852க்கும் இடையில்தான் கிடக்கிறது.

நம் கரையின் வழக்கத்தை அறியாத பிள்ளைகள் இப்போது இருக்கிறார்கள். ஆகையால் சற்று விளக்குகிறேன். மட்டக்களப்புத் தேசத்தில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் குடி தாய்வழியாகவே வரும். பள்ளியில் மரைக்காயர், கோயிலில் வண்ணக்கர் என்று குடியின் பேரால் உரிமைகள் உண்டு. மகன் மனைவியின் வீட்டுக்குப் போவான். மகளுக்கு வீடும் வளவும், வசதியுண்டானால் வயலும். அடுத்த மகள் வளர்ந்தால் தாய் தகப்பன் முன்வீட்டை மூத்தவளுக்கு விட்டுவிட்டுப் பின்வளவில் இன்னொரு வீடு கட்டி ஒதுங்குவார்கள். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 1969இல் அக்கரைப்பற்றுக்கு வந்து தங்கி இதையெல்லாம் எழுதியிருக்கிறார். பழைய மட்டக்களப்பில் இதற்கு முக்குவச் சட்டம் என்ற பெயருண்டு. ஆணின் முதுசம் அவனுடைய பிள்ளைகளுக்கல்ல, சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும் முறை அது. கிறிஸ்தோபர் பிறிற்றோ அதைத் தொகுத்து 1876இல் புத்தகமாக வெளியிட்டார். அதே 1876இல் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்து கண்டியர், முஸ்லிம்கள், தேசவழமைக்குரிய தமிழர் தவிர்ந்த மற்றெல்லாருக்கும் ஒரே வாரிசுச் சட்டத்தை வைத்தது. முக்குவச் சட்டம் புத்தகமாகிய ஆண்டே நீதிமன்றத்தில் செத்துப்போனது என்று சொன்னால் மிகையாகாது.

ஆக, அடுத்தடுத்த வேலிக்குள் ஒரே வழக்கத்தோடு வாழ்ந்த என் பாட்டிக்கு ஒரு சட்டம், என் மாணவியின் மூத்தும்மாவுக்கு இன்னொரு சட்டம். இரண்டிலும் மகளுக்கே வீடு என்ற எங்கள் பொதுவழக்கம் எழுதப்படவில்லை. எழுதப்படாததால் அது அழிந்ததா? இல்லை. சட்டம் என்ன சொன்னாலும் பெற்றோர் உயிரோடிருக்கும்போதே மகளுக்கு உறுதி எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இறந்த பின் பங்கு பிரிக்கத்தானே சட்டம்? இருக்கும்போது கொடுத்தால் பிரிக்க எதுவுமில்லை. சத்தமில்லாமல் இருநூறு வருடம் நம் பெண்கள் வீட்டுக்காரிகளாக இருந்தது இந்த ஒரு வழியால்தான்.

ஜோன்ஸ்டனின் மற்ற வேலைகளையும் சொல்லாமல் விடக்கூடாது. 1809இல் லண்டனுக்குப் போய் அரசுடன் பேசி, 1811இல் புதிய சாசனத்தோடு திரும்பினார். அதில் வந்ததுதான் ஜூரி முறை. ஆசியாவில் ஒரு குடியேற்ற நாட்டின் சுதேசிகள் ஜூரர்களாக அமர்ந்து, தம்மவர் ஒருவரின் குற்றத்தை முடிவு செய்தது அன்று பெரிய புதுமை. இங்கிலாந்தில் ஜூரர் பன்னிருவர், இங்கே பதின்மூவர். ஒருமித்த முடிவு வேண்டியதில்லை, பெரும்பான்மை போதும். ஒற்றைப்படை எண் வைத்ததன் காரணம் இப்போது புரிகிறதல்லவா? சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் என எல்லாரும் ஜூரர் பட்டியலில் இருந்தார்கள்.

அந்தப் பட்டியலில் இருந்தவர்களில் பலர் அடிமைகளை வைத்திருந்தவர்கள். நீதி சொல்லும் இடத்தில் உட்கார்ந்துவிட்டு வீட்டில் அடிமை வைத்திருப்பது பொருந்துமா என்று ஜோன்ஸ்டன் அவர்களிடமே கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் அவர்கள் ஒரு தீர்மானத்துக்கு வந்தார்கள். 1816 ஓகஸ்ட் 12ஆம் திகதிக்குப் பின் தங்கள் அடிமைகளுக்குப் பிறக்கும் பிள்ளைகள் எல்லாரும் சுதந்திரர். அந்தத் திகதி அன்றைய ஆங்கில இளவரசரின் பிறந்தநாள். அதுவும் ஒரு சாமர்த்தியம்தான். அடிமை முறையைச் சட்டம் முற்றாக ஒழிக்க 1844 ஆயிற்று. தாய் அடிமையாகவே இருக்கப் பிள்ளை மட்டும் சுதந்திரமாக வளர்ந்த அந்த இருபத்தெட்டு வருடத்தை யாராவது கதையாக எழுத வேண்டும். இந்த இதழில் கதை எழுதும் பிள்ளைகள் கவனிக்க.

ஜோன்ஸ்டனோடு துணை நீதியரசராக இருந்தவர் சேர் வில்லியம் கோக். கொழும்பிலிருந்து கிழக்குக்கு நல்ல பாதை இல்லாத காலம் அது. அவர் 1818இல் திருகோணமலையில் காலமானார். நீதிமன்றம் நம் பக்கம் வந்ததற்குக் கொடுத்த விலைகளில் ஒன்றாக நான் அதை எண்ணிக்கொள்வதுண்டு.

1819இல் ஜோன்ஸ்டன் ஊர் திரும்பினார். 1823இல் லண்டனில் ரோயல் ஆசியக் கழகத்தை நிறுவியவர்களுள் அவரும் ஒருவர். அதன் ஏட்டில் இலங்கை முஸ்லிம்களின் வரலாறு பற்றி அவர் எழுதிய கடிதம் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஹாஷிம் குடும்பத்தைச் சேர்ந்த அரபிகள், கலீபா அப்துல் மலிக்கின் நெருக்குதலால் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கு வந்து குடியேறினர் என்ற மரபுக்கதையை முதலில் அச்சில் ஏற்றியது அவர்தான். அவருக்கு அதைச் சொன்னவர்கள் இங்கிருந்த முஸ்லிம் பெரியவர்கள். அது எவ்வளவு வரலாறு, எவ்வளவு மரபு என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். ஒரு நீதியரசர் சாட்சியை எழுதிக்கொள்வதுபோல் அதை எழுதி வைத்தார் என்பதே எனக்குப் பிடித்த செய்தி.

அவருக்குப் பின் வந்த ஹாடிங் கிபர்ட், ரிச்சட் ஒட்லி ஆகியோரின் காலத்தை வேகமாகத் தாண்டிவிடலாம். மாற்றம் 1833இல். அதற்கு முன் கோல்புறூக், கமரன் என்ற இரு ஆணையாளர்களை லண்டன் அனுப்பியிருந்தது. பாடப்புத்தகத்தில் இரட்டைப் பெயராக வருபவர்கள். நீதித்துறையை ஆராய்ந்தவர் சார்ள்ஸ் ஹே கமரன். ஐரோப்பியனுக்கு ஒரு மன்று, சுதேசிக்கு ஒரு மன்று என்பதை அவர் ஏற்கவில்லை. தேசாதிபதி மேன்முறையீடு கேட்பதையும் ஏற்கவில்லை. பழைய மன்றுகளைக் கலைத்துவிட்டு, மேலே ஒரே உயர் நீதிமன்றம், கீழே மாவட்ட நீதிமன்றங்கள் என்று அமைக்கச் சொன்னார். 1833ஆம் ஆண்டுச் சாசனம் அப்படியே செய்தது. நீதியரசர் மூவர். மாவட்ட நீதிபதியோடு ஊரவர் மூவர் மதியுரையாளராக இருப்பர். உயர் நீதிமன்ற நீதியரசர்கள் கொழும்பிலேயே இராமல், வடக்கு, தெற்கு, கிழக்கு என்று சுற்றுகளாகப் போய் ஊர்களில் விசாரணை நடத்துவர். 'மாவட்ட நீதிமன்றம்' என்று இன்று கல்முனையில் பெயர்ப்பலகை தொங்குகிறதே, அந்தப் பெயரின் பூர்வீகம் இது.

கமரன் பற்றி ஓர் உபசெய்தி. அவருடைய மனைவி ஜூலியா மார்கரட் கமரன் உலகப் புகழ்பெற்ற புகைப்படக்காரி. முதுமையில் இருவரும் இலங்கைக்கே திரும்பி வந்து, இங்கேயே இறந்து, பொகவந்தலாவையில் அடக்கமானார்கள்.

புதிய மன்றின் முதற் பிரதம நீதியரசர் சேர் சார்ள்ஸ் மார்ஷல். அந்த மன்றுக்கு வெகு விரைவில் ஒரு சோதனை வந்தது. கண்டிப் பிரதானி மொல்லிகொடையும் வேறு சிலரும் இராசத்துரோகக் குற்றத்தின்பேரில் பிடிபட்டு, 1835 ஜனவரியில் விசாரணைக்கு வந்தார்கள். வழக்குத் தொடுத்தது அரசாங்கம். ஜூரிகள் குற்றமில்லை என்று விட்டுவிட்டார்கள். அரசு விரும்பிய தீர்ப்பு வரவில்லை. வந்த தீர்ப்பை அரசு ஏற்க வேண்டியிருந்தது.

நீதிமன்றங்கள் நிலைகொண்ட இடம் கொழும்பில் ஒல்லாந்தத் தளபதி ஹுல்ஃப்டின் பெயர் தாங்கிய ஹல்ஸ்டோர்ப். தமிழில் நாம் புதுக்கடை என்போம். அப்புக்காத்துமாரும் பிறக்கிராசிமாரும் நிறைந்த இடம். நம்மவர்கள் அங்கு எப்போது போய்ச் சேர்ந்தார்கள்? கண்டியில் பிறக்கிராசியாக இருந்த சித்திலெப்பையை நீங்கள் 'அசன்பே சரித்திரம்' எழுதியவராக அறிவீர்கள். அவர் பிழைப்புச் சட்டத்தொழில்தான். 1905இல் அப்துல் காதர் என்ற அப்புக்காத்து துருக்கித் தொப்பியோடு உயர் நீதிமன்றில் நின்றபோது, பிரதம நீதியரசர் லெயார்ட், தொப்பி போடுவதானால் சப்பாத்தைக் கழற்று, சப்பாத்தோடு நிற்பதானால் தொப்பியைக் கழற்று என்றார். அந்த ஆண்டு டிசம்பர் 31இல் மருதானைப் பள்ளிவாசலில் பெருங்கூட்டம் கூடிற்று. பின்னர் தொப்பியோடு வாதாட வழி பிறந்தது. அதற்குக் கால் நூற்றாண்டு கழித்து அதே மன்றில் நீதியரசராகவே அமர்ந்தார் எம்.ரி. அக்பர், முஸ்லிம்களுள் முதலாமவர். பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போகும் நம் பிள்ளைகள் அக்பர் விடுதி என்று கேள்விப்படுவது அவர் பெயர்தான்.

அக்பரை இங்கு நிறுத்துவதற்குக் காரணமுண்டு. 1806ஆம் ஆண்டுக் கோவை பழையதாகிவிட்டது, அதில் பிழைகளும் உள்ளன என்ற பேச்சு வளர்ந்தபோது அவர் தலைமையில் ஒரு குழு ஆராய்ந்தது. 1931ஆம் ஆண்டு 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதன் விளைவு. இனி வாரிசுரிமைக்குப் பத்தாவியாத் தொகுப்பு வேண்டாம். இறந்தவர் எந்த மத்ஹபைச் சேர்ந்தவரோ அந்த மத்ஹபின் சட்டமே செல்லும் என்றது அது. நம் ஊர்களில் ஷாஃபி. கலியாணப் பிரிவுகளை 1929ஆம் ஆண்டுச் சட்டம் எடுத்துக்கொண்டு காதி நீதிமன்றங்களை அமைத்தது; அது நடைமுறைக்கு வந்தது 1937இல். இப்போதுள்ளது 1951ஆம் ஆண்டு 13ஆம் இலக்கச் சட்டம். அதன்படி காதியாக நியமனம் பெறுபவர் ஆணாகவே இருக்க வேண்டும். உயர் நீதிமன்றத்தில் 1996இல் முதற்பெண் நீதியரசராகச் சிராணி பண்டாரநாயக்க அமர்ந்துவிட்டார். என் வகுப்புப் பிள்ளைகள் இந்த இரண்டு செய்தியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு நீண்ட நேரம் வாதாடினார்கள். நான் இடைமறிக்கவில்லை.

திரும்ப என் மாணவியின் வீட்டுக்கு வருகிறேன். அவளுடைய உம்மா சொன்னாராம், வாப்பா வாயால் எனக்குத்தான் தந்தார், ஊரே அறியும் என்று. மார்க்கப்படி வாய்மொழியால் கொடுத்து, கையளித்தால் ஹிபா ஆகும். ஆனால் காணிக்கு நாட்டில் இன்னொரு சட்டம் உண்டு. 1840ஆம் ஆண்டு 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், மோசடி தடுப்புச் சட்டம். காணி கைமாறுவதானால் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதிக் கையொப்பமிட வேண்டும். இல்லையேல் செல்லாது. மார்ஷலுக்குப் பின் வந்த நீதியரசர்கள் காலத்துச் சட்டம் இன்றைக்கும் நம் படலையில் காவல் நிற்கிறது. இதைப் பெற்றோர் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். சுனாமிக்குப் பிறகு எழுந்த குடியிருப்புகளிலும் பல இடங்களில் வீட்டுப் பத்திரம் குடும்பத் தலைவர் என்று ஆணின் பெயரில் வந்ததை நீங்கள் அறிவீர்கள். மகளுக்கு என்று வாயால் சொல்லிக் கட்டிய வீடுகள் அங்கும் இருக்கின்றன.

இதையெல்லாம் கண்டெடுத்த அன்று வீட்டுக்குப் போய் அம்மாவிடம் எங்கள் வீட்டு உறுதி எங்கே என்று கேட்டேன். பெட்டியோடு கடல் கொண்டுபோனது என்றார். காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம் என்பது எங்களுக்கு அதுவரை தோன்றவில்லை. எடுத்தோம். அதில் என் பாட்டியின் பெயர் இருந்தது. அவருடைய அப்பா எழுதிக்கொடுத்தது. கைநாட்டு.

மாணவியின் வீட்டில் பேச்சுவார்த்தை பள்ளிவாசல் பெரியவர்கள் முன்னிலையில் இரண்டு வெள்ளிக்கிழமை நடந்ததாம். 'சட்டப்படி எங்களுக்கு நாலு பங்குதான், ஆனா வாப்பா யாருக்குக் கட்டினவரென்டு எங்களுக்கும் தெரியும்' என்று மூத்த மாமா சொல்லித் தன் பங்கை விட்டெழுதிக் கையொப்பம் வைத்துவிட்டார். இளைய மாமா கத்தாரில். அற்றோணித் தத்துவம் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். இதை எழுதும்வரை அது வந்து சேரவில்லை.